கரு சிதறிய செல்

மூளைத் திசு என்று எங்கள் மேசைக்கு வருவது பெரும்பாலும் கடுகளவு. மிஞ்சினால் ஓர் உளுந்தளவு. மண்டை ஓட்டில் சிறு துளை போட்டு ஊசியால் எடுத்த துணுக்கு, பார்மலின் புட்டியின் அடியில் வெண்மையும் சாம்பலும் கலந்து கிடக்கும். அதை வைத்துத்தான் ஒருவரின் மூளையில் இருப்பது புற்றா, வேறு நோயா என்று எழுதியாக வேண்டும். நாங்கள் எழுதும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஆறு வாரக் கதிர்வீச்சும், மாதக்கணக்கில் மாத்திரையும், அந்தக் குடும்பத்தின் மற்ற எல்லா முடிவுகளும் தொடங்குகின்றன. கண்ணை ஏமாற்றக்கூடிய செல்கள் நோயியலில் பல உண்டு. மூளையைப் பொறுத்தவரை அவற்றில் முதலிடம், காயம் பட்டுக் கிளர்ந்த ஆஸ்ட்ரோசைட்டுக்குத்தான். அது தாறுமாறாகப் பிரியத் தொடங்கிவிட்டால் பழகிய கண்ணும் தடுமாறும். இந்தத் தொழிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே: கரு சிதறிய செல்லைக் கண்டதும் புற்று என்று முடிவுகட்டக் கூடாது, அதன் அக்கம்பக்கத்தையும் நோயாளியின் கதையையும் சேர்த்துப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ளவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. முதல் வலிப்பைப் பார்த்தவரும், முதல் ஊசி போட்டவரும் ஊரில் இருக்கிறார்கள். மூளை அறுவைக்கு மதுரைக்கோ அதற்கும் அப்பாலோ போக வேண்டியிருக்கிறது. நடுவில் இருக்கிற ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் திசு பத்திரமாக வந்து சேர்கிறது, கதை தொலைந்துபோகிறது.

ஆஸ்ட்ரோசைட் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். மூளையில் செய்தி கடத்தும் நரம்பு செல்கள் ஏறத்தாழ 8,600 கோடி. அவற்றைத் தாங்கி நிற்கும் கிளையா செல்களும் கிட்டத்தட்ட அதே அளவு என்பது பிரேசில் ஆய்வாளர்கள் 2009இல் எண்ணிக் காட்டிய கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் ருடால்ஃப் விர்ஹோ இந்தத் தாங்கு செல்களுக்குப் பசை என்ற பொருளில் பெயர் வைத்தார். பசை என்ற பெயர் அவற்றுக்குப் பெரிய அநியாயம். நட்சத்திரம் போலக் கைகளை நீட்டியிருக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள் இரத்தக் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. நரம்பு செல்களுக்குச் சத்து எட்டுவதில் பங்கெடுக்கின்றன. நரம்பு செல்கள் கக்கும் பொட்டாசியத்தையும் குளுட்டமேட்டையும் துடைத்தெடுக்கின்றன. மூளையில் எங்கே அடிபட்டாலும், இரத்தம் தடைபட்டாலும், கிருமி நுழைந்தாலும், உருமாறுபவை இவை. உடல் பருக்கும், இளஞ்சிவப்பு நிறத்தில் செல் முழுக்க நிறைந்து கரு ஓரத்துக்கு ஒதுங்கும், கைகள் தடித்து நீளும். கடைசியில் அங்கே ஒரு தழும்பு நிற்கும். தோலில் காயம் ஆறினால் வடு வருவதைப் போல மூளைக்கு இது வடு. இந்தச் செல்களுக்குள் இருக்கும் இழைப் புரதத்தை லாரன்ஸ் எங் பிரித்தெடுத்தது 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில். அதற்கு அவருக்கு மூலப்பொருளாக உதவியது மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயாளிகளின் மூளையில் இருந்த பழைய தழும்புகள். இன்று உலகமெங்கும் மூளைக் கட்டியை அடையாளம் காண நாங்கள் தினமும் போடும் ஜி.எஃப்.ஏ.பி. சாயம் அந்தப் புரதத்தைத்தான் தேடுகிறது. கட்டியைக் காட்டும் சாயத்தின் பிறப்பிடமே கட்டியில்லாத ஒரு தழும்பு. இதை மறந்துவிட்டு, ஜி.எஃப்.ஏ.பி. பிடித்திருக்கிறது, ஆகவே ஆஸ்ட்ரோசைட் கட்டி என்று எழுதினால் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இனி அந்தச் செல். வயது வந்த மூளையில் ஆஸ்ட்ரோசைட் பிரிவது அரிது. காயம் பட்டால் சில மட்டும் மீண்டும் பிரியத் தொடங்கும். ஒழுங்காக நடந்தால் கருவுறை கரைந்து, குரோமோசோம்கள் திரண்டு, நடுவில் ஒரே கோட்டில் நின்று, இரு பக்கமும் விலகும். கரு சிதறிய செல்லில் அந்த ஒழுங்கு இல்லை. பருத்த இளஞ்சிவப்பு உடலுக்குள், ஒரு கரு இருக்க வேண்டிய இடத்தில் நீல ஊதா மணிகள், கேழ்வரகைச் சிந்தியது போல. சில செல்களில் அந்த மணிகள் வட்டமாக, ஒவ்வொன்றும் தனக்கென ஓர் உறையோடு, குட்டிக் கருக்களாக நிற்கும். நாற்பது மடங்கு லென்ஸில் நுண்திருகை முன்னும் பின்னும் மெல்லத் திருப்பினால், மணிகள் ஒரே தளத்தில் இல்லாமல் செல்லின் உடல் முழுக்க மேலும் கீழும் பரவியிருப்பது தெரியும். உண்மையான பிரிவில் குரோமோசோம் கட்டையின் ஓரம் மயிர் மயிராக இருக்கும். இங்கே ஓரம் வழவழப்பு. ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் ஹான்ஸ் கெர்ஹார்ட் கிரோய்ட்ஸ்ஃபெல்ட்டின் பெயரால் இதைக் கிரோய்ட்ஸ்ஃபெல்ட் செல் என்கிறோம். மூளையைக் கடற்பஞ்சாக்கும் கிரோய்ட்ஸ்ஃபெல்ட்–யாக்கோப் நோயின் பெயரில் இருப்பவரும் அவரேதான், ஆனால் அந்த நோய்க்கும் இந்தச் செல்லுக்கும் தொடர்பில்லை. பிரிவைத் தொடங்கிவிட்டு முடிக்க மாட்டாமல் நின்றுபோன செல் என்றே இதைப் பெரும்பாலோர் கருதுகிறார்கள். ஒரு கட்டியின் தரத்தை 2 என்பதா 3 என்பதா என்று முடிவு செய்ய நாங்கள் பிரியும் செல்களை எண்ணுகிறோம். எண்ணும் அவசரத்தில் இந்தச் சிதறிய கருக்களையும் பிரியும் செல்களாக எண்ணிவிட்டால், இல்லாத கட்டி பிறந்துவிடும். பிறந்த கையோடு அதற்கு ஒரு மோசமான தரமும் கிடைத்துவிடும்.

இந்தச் செல் அதிகம் காணப்படும் இடம் மையலின் உரியும் நோய். நரம்பு இழையைச் சுற்றியிருக்கும் மையலின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி உரித்துப்போடுகிறது. பொதுவாக மூளையில் சிறு சிறு திட்டுகளாக வரும் இது, சிலருக்கு 2 சென்டிமீட்டரைத் தாண்டிய ஒற்றைத் திட்டாக, சுற்றிலும் வீக்கத்தோடு, பார்வைக்கு அப்படியே கட்டியாக வந்து நிற்கும். அறுவை மருத்துவர் கட்டி என்று நினைப்பார், ஸ்கேன் அறிக்கையும் கட்டி என்று சந்தேகிக்கும், எங்கள் கண்ணாடித் துண்டிலும் பருத்த ஆஸ்ட்ரோசைட்டும் சிதறிய கருவும் தெரியும். மூன்று சாட்சிகளும் ஒரே திசையில் கைகாட்டும்போது மறுத்துப் பேச மனசு வராது. ஆனால் அதே கண்ணாடியில் மறுசாட்சியும் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். கொழகொழப்பான பொடிக்குமிழ் உடலோடு, கரு ஓரத்தில் ஒட்டிய மேக்ரோஃபேஜ்கள், உரிந்த மையலினைத் தின்று வீங்கியவை, கூட்டங்கூட்டமாக இருக்கும். அறுவையோ கதிர்வீச்சோ படாத ஆஸ்ட்ரோசைட் கட்டியில் இப்படிக் கூட்டம் சேர்வது வழக்கமில்லை. மேக்ரோஃபேஜ் கண்ணில் பட்டால் பேனாவைக் கீழே வைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தொழிலின் பால பாடம். மையலினை நீலமாக்கும் சாயத்தைப் போட்டால் திட்டின் எல்லையில் நீலம் கத்தரித்தது போல நின்றுவிடும். இழைகளைக் காட்டும் சாயத்தில் அதே இடத்தில் நரம்பு இழைகளான ஆக்ஸான்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கும். உறை போயிருக்கிறது, கம்பி இருக்கிறது. ஆஸ்ட்ரோசைட்டுகளும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு, சீரான இடைவெளியில் நிற்கும். கட்டியில் அவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, கோணல்மாணலான கருக்களோடு, நரம்பு செல்லின் முதுகில் ஏறி நிற்கும். இந்த வேறுபாட்டைப் பெரிய லென்ஸில் தேடாமல் சிறிய லென்ஸில் முதலில் தேட வேண்டும். தெருவைப் பார்க்காமல் ஒரு வீட்டை மட்டும் பார்த்தால் ஊர் எது என்று தெரியாது.

தாறுமாறான கரு தன்னளவில் புற்றின் சான்று ஆகாது என்பதற்கு ராஜபாளையத்துக்கே உரிய ஒரு சாட்சியைக் காட்டலாம். ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரியில் தபால் தலை வெளியிட்டது. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக நிற்கும் அந்த நாயை வளர்ப்பவர்களுக்கு டிஸ்டெம்பர் என்ற பெயர் நன்றாகத் தெரியும். கண்ணிலும் மூக்கிலும் சளி, காய்ச்சல், பிறகு தாடையும் காலும் வெட்டி வெட்டி இழுப்பது, கடைசியில் வலிப்பு. இதற்குக் காரணம் வைரஸ் என்று 1905இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்ரே காட்டினார்; மனிதரின் தட்டம்மை வைரஸுக்கு இது நெருங்கிய உறவு. நாயின் மூளைக்குள் இந்த வைரஸ் முக்கியமாகக் குடிபுகுவது ஆஸ்ட்ரோசைட்டுகளில்தான். சிறுமூளையின் வெண்பகுதியில் மையலின் உரிந்து ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டைகளின் ஓரத்தில் பருத்த ஆஸ்ட்ரோசைட்டுகள், சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள், கருவுக்குள் வைரஸ் தங்கிய சிவப்புத் திட்டு. மனித மூளையில் மையலின் உரிதல் எப்படி நடக்கிறது என்று அறிய ஆய்வாளர்கள் இந்த நாய் நோயை மாதிரியாக எடுத்துப் படிக்கிறார்கள். டிஸ்டெம்பரில் இறந்த நாய்க்கு மூளைக் கட்டி இருந்தது என்று எந்தக் கால்நடை மருத்துவரும் எழுதுவதில்லை. காரணம் எளிது: அவர் கையில் நாயின் முழுக் கதையும் இருக்கிறது. தடுப்பூசி போட்டதா, எத்தனை நாள் காய்ச்சல், இழுப்பு எப்போது தொடங்கியது எல்லாம் தெரியும். நாய்க்குக் கிடைக்கிற இந்த வசதி மனிதருக்குக் கிடைக்காமல் போவதுதான் வேதனை.

கதையைக் கேட்டால் திசுவின் பொருளே மாறிவிடும் என்பதற்கு நம் மாநிலத்தின் பெரிய சான்று வேலூரில் இருக்கிறது. ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தி தொடங்கினார். சி.டி. ஸ்கேன் பரவிய 1980களில், வலிப்போடு வரும் இளைஞர்களின் மூளையில் சுண்டைக்காய் அளவில் ஒற்றை வளையம் தெரிவது நம் நாட்டில் பரவலாகக் காணப்பட்டது. காசநோய் மிகுந்த நாடு, ஆகவே அது காசநோய்க் கட்டிதான் என்று பலருக்கும் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுக்கப்பட்டது. வேலூரில் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அவர்களுடைய சகாக்களும் அந்த வளையங்களை அறுத்தெடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் இருந்தது பன்றி நாடாப்புழுவின் குஞ்சு, சிஸ்டிசெர்கஸ். 1989இல் லான்செட் இதழில் இதை வெளியிட்டார்கள். பிறகு எந்த வளையத்தை அறுக்காமலே நம்பலாம் என்று அளவுகோல் வகுத்தார்கள்: 20 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளும் அளவுக்கு வீக்கம் இருக்கக் கூடாது, நோயாளிக்கு வலிப்பு மட்டும் இருக்க வேண்டும், படிப்படியாக மோசமாகும் குறை கூடாது, உடம்பில் வேறு எங்கும் தொடர்ந்து முற்றும் நோய் இருக்கக் கூடாது. இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். பாதி ஸ்கேன், பாதி நோயாளியின் கதை. மைக்ராஸ்கோப் அதில் இல்லவே இல்லை. மைக்ராஸ்கோப்பை வைத்து உண்மையைக் கண்டவர்கள், அடுத்த நோயாளிக்கு மைக்ராஸ்கோப்பே தேவைப்படாதபடி செய்துவிட்டார்கள். இதில் எங்களுக்கு ஒரு பாடமும் உண்டு. புழுவைச் சுற்றிலும் கிளர்ந்த ஆஸ்ட்ரோசைட்டுகள் வேலி கட்டி நிற்கும். ஊசி புழுவைத் தவறவிட்டு வேலியை மட்டும் எடுத்து வந்தால், கண்ணாடியில் தெரிவதெல்லாம் பருத்த ஆஸ்ட்ரோசைட்டுதான். கதை தெரியாதவர் அதைக் குறைந்த தரக் கட்டி என்று எழுதிவிடலாம். வலிப்பு மட்டுமே இருந்தது, நோயாளிக்கு இருபது வயது, வளையம் சிறியது என்று தெரிந்தவர் ஊசி இலக்கைத் தொட்டதா என்று கேட்பார்.

எச்.ஐ.வி. தொற்றிலும் இதே சங்கடம் உண்டு. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த நிலையில் ஜே.சி. என்னும் வைரஸ் மூளையின் வெண்பகுதியைத் தாக்கும்போது, ஆஸ்ட்ரோசைட்டுகளின் கருக்கள் பூதாகாரமாகி, பார்த்தால் மிக மோசமான கட்டி என்றே தோன்றும். இரத்தப் பரிசோதனை முடிவு கோரிக்கைத் தாளில் இருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும் குழப்பம் அது.

கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு முதல் மறுப்பு இப்படி வரும்: இன்றைக்கு மரபணுச் சோதனை இருக்கிறது, ஐ.டி.எச். சாயம் இருக்கிறது, இன்னும் கதை எதற்கு? சோதனைகளை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஐ.டி.எச். மாற்றத்தைக் காட்டும் சாயம் ஒரு செல்லில் ஆணித்தரமாகப் பிடித்துவிட்டால் அது கட்டியின் செல். கிளர்ந்த ஆஸ்ட்ரோசைட் அந்தச் சாயத்தை ஏற்காது. எங்கள் தலைமுறைக்குக் கிடைத்த பெரிய உதவி இது. சிக்கல், சாயம் பிடிக்காதபோது. நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியில் ஐ.டி.எச். மாற்றம் இருப்பதில்லை, ஆகவே சாயம் பிடிக்கவில்லை என்பதால் கட்டி இல்லை என்று ஆகிவிடாது. பிரியும் செல்களை எண்ண உதவும் கி-67 சாயம் மேக்ரோஃபேஜிலும் லிம்போசைட்டிலும் பிடிக்கும். எதன் கரு என்று பார்க்காமல் எண்ணினால் எண் கூடிவிடும். பி-53 சாயம் கிளர்ந்த ஆஸ்ட்ரோசைட்டிலும் மெலிதாகத் தலைகாட்டும். சோதனை கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எந்தச் சோதனையைக் கேட்பது என்பதையே கதைதான் தீர்மானிக்கிறது. காசும் ஒரு விஷயம்: எல்லாச் சோதனையையும் எல்லோருக்கும் செய்ய எந்த அரசு ஆய்வகத்தாலும் ஆகாது. உளுந்தளவுத் திசுவைச் சீவிச் சீவி எல்லாச் சாயமும் போட்டால் திசுவைப் பதித்த மெழுகுப் பிளாக்கும் தீர்ந்துவிடும். எதை முதலில் போடுவது என்று தெரிந்தால் ஒரு சீவலில் முடிகிற வேலை.

இரண்டாவது மறுப்பு எங்கள் ஆட்களிடமிருந்தே வரும்: கதையைப் படித்தால் கண் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், கண்ணாடியைக் கதை தெரியாமல் படிப்பதுதான் நேர்மை. இதில் பாதி உண்மை. கட்டி என்று எழுதியிருக்கிற தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் கட்டியைத் தேடும் கண்ணோடுதான் பார்ப்போம். இதற்கு விடை வரிசையை மாற்றுவது. முதலில் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிறிய லென்ஸிலிருந்து பெரிய லென்ஸ் வரை பார்த்து, நினைப்பதை ஓரமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தாளையும் ஸ்கேனையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் கையெழுத்து. ஒத்துப்போகாவிட்டால் தொலைபேசியை எடுக்க வேண்டும். ஸ்கேனில் வளையம் முழுசாக மூடாமல் ஒரு பக்கம் திறந்து, திறந்த பக்கம் மூளையின் சாம்பல் பகுதியைப் பார்த்து நின்றால் அது மையலின் உரிதலுக்கான நல்ல அடையாளம். அதைத் தெரிந்துகொள்ளாமல் கட்டி என்று எழுதிய அறிக்கை நேர்மையானது என்றாலும் சரியானதாக இருக்காது.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நீங்கள் தயங்கிக்கொண்டிருந்தால் உண்மையான கட்டி வளர்ந்துவிடாதா? வளரும். கிளையோபிளாஸ்டோமாவுக்கு வாரங்களே பெரிய காலம். கிரோய்ட்ஸ்ஃபெல்ட் செல் உண்மையான ஆஸ்ட்ரோசைட் கட்டிகளிலும் காணப்படுவதுண்டு. அது இருக்கிறது என்பதால் கட்டி இல்லை என்று சொல்லிவிட முடியாது. கட்டியின் ஓரத்தில் வெறும் கிளர்ச்சி மட்டும் இருக்கும், ஊசி அங்கே பட்டால் தழும்பு என்று அறிக்கை போகும், நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போவார், இரண்டு மாதத்தில் ஸ்ட்ரெச்சரில் வருவார். ஆகவே தழும்பு என்று மட்டும் சொல்லும் அறிக்கையைக் கட்டி இல்லை என்ற அறிக்கையாக யாரும் படிக்கக் கூடாது. ஊசி சரியான இடத்தைத் தொட்டிருக்காமல் போகலாம் என்பதே அதன் பொருள். அப்படியே வெளிப்படையாக எழுத வேண்டும். நான் கேட்கும் எச்சரிக்கை மாதக்கணக்கில் காத்திருப்பது இல்லை. சில நாள். மையலின் சாயம், மேக்ரோஃபேஜ் சாயம், ஐ.டி.எச். சாயம், ஊரிலிருந்து கதை, தேவையானால் இன்னொரு நரம்பு நோயியலாளரின் கண். அவ்வளவும் ஒரு வாரத்துக்குள் ஆகக்கூடியது. மறுபக்கத் தராசில் இருப்பதையும் பார்க்க வேண்டும்: மையலின் உரிந்த மூளைக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் பயன் இல்லாததோடு கேடும் விளையலாம் என்பது மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. ஸ்டீராய்டில் அடங்கக்கூடிய நோய்க்கு அறுபது கிரே கதிர்வீச்சு கொடுத்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க வழி கிடையாது.

ஸ்டீராய்டு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். தலைவலி, வாந்தி, வலிப்போடு வருகிறவருக்கு முதல் ஊரிலேயே டெக்ஸா ஊசி போடுவது வழக்கம். உயிரைக் காக்கும் ஊசி அது, போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊசி மூளையில் வரும் லிம்போமா என்ற புற்றைக் கரைத்துவிடும். பிறகு எடுத்த திசுவில் லிம்போமா செல்லே இருக்காது. மிச்சம் இருப்பது மேக்ரோஃபேஜும் கிளர்ந்த ஆஸ்ட்ரோசைட்டும்தான், பார்க்க மையலின் உரிதல் மாதிரியே. ஆகவே மேக்ரோஃபேஜைக் கண்டு பேனாவைக் கீழே வைத்த நாங்கள், டெக்ஸா போட்டதா என்று தெரியாமல் அதை மீண்டும் எடுக்கவும் முடியாது. ராஜபாளையத்துக் கிளினிக்கில் போட்ட ஓர் ஊசி, மதுரைக் கண்ணாடியில் நோயின் முகத்தையே மாற்றுகிறது. ஊசி போட்ட தேதி சீட்டில் இருந்தால் போதும்.

திசுவைக் கையாளும் விதத்திலும் இந்த ஊருக்குச் சொல்ல ஒன்று உண்டு. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நாடெங்கும் அறுவை அரங்குகளுக்குப் போகின்றன. அந்த அருமையான துணியே மூளைத் துணுக்குக்கு எதிரி. உலர்ந்த காஸில் உளுந்தளவுத் திசுவை வைத்தால், இரத்தத்தை உறிஞ்சும் அதே திறமையோடு திசுவின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். செல்கள் சுருங்கி, கருக்கள் கறுத்து, கோணல்மாணலாகிவிடும். அப்படிச் சுருங்கிய கரு கட்டியின் கருவைப் போலவே இருக்கும். அவசரத்துக்கு உறையவைத்துச் சீவும்போதும் இதே கதை. திசுவுக்குள் உறையும் பனிப் படிகங்கள் செல்களைப் பிளந்து கருக்களை முரடாக்கிவிடும். அதனால்தான் ஹார்வி குஷிங்கும் லூயிஸ் ஐசன்ஹார்ட்டும் 1930இல் பரப்பிய முறையை நாங்கள் இன்னமும் விடாமல் வைத்திருக்கிறோம்: ஒரு துளியை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து மெல்ல நசுக்கி இழுப்பது. கிளர்ந்த ஆஸ்ட்ரோசைட்டின் நீண்ட கைகள் நுனி வரை அப்படியே தெரியும். மேக்ரோஃபேஜ்கள் தனித்தனியாக உருண்டு வரும். எடுத்த திசு நேரம் கடத்தாமல் பார்மலினுக்குள் போக வேண்டும். தாமதமானால் பிரியும் செல் எது, சாகும் செல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நான்காவதாக ஒரு சலிப்பு உண்டு: மையலின் உரியும் நோயான மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நம் நாட்டில் ஐரோப்பாவைவிடக் குறைவு, கட்டி போலத் தோன்றும் வகை அதிலும் குறைவு, இதற்காக இத்தனை மெனக்கெடல் எதற்கு என்று. மூளைக் கட்டியும் அரிதுதான். ஆனால் ஆஸ்ட்ரோசைட்டைக் கிளறிவிடும் மற்றவை இங்கே அரிதில்லை. காசநோய், சிஸ்டிசெர்கஸ், பக்கவாதம், தலையில் பட்ட அடி, கதிர்வீச்சு வாங்கிய பழைய மூளை என எல்லாமே விருதுநகர் மாவட்டத்தில் தினசரி நடப்பவை. எண்ணிக்கையில் அவை கட்டியைவிடப் பல மடங்கு.

விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. தூரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. தூரம் முழுவதும் குறையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கும் மருத்துவர்களிடம் கேட்பது இவ்வளவே: நோயாளியை மதுரைக்கு அனுப்பும் சீட்டில், வயது, முதல் அறிகுறி தொடங்கிய நாள், வலிப்பு மட்டுமா அல்லது கை கால் பலவீனமும் உண்டா, முன்பு பார்வை மங்கித் தெளிந்ததுண்டா, காசநோய், எச்.ஐ.வி., புற்று சிகிச்சை உண்டா, டெக்ஸா போட்டது எந்தத் தேதி என்று எழுதுங்கள். ஆறு வரிக்கு மேல் ஆகாது. குடும்பத்தாருக்கு: பாரஃபின் பிளாக்கையும் கண்ணாடித் துண்டுகளையும் இன்னொரு கருத்துக் கேட்க எழுதிக் கேட்டு வாங்கலாம். பொதிகை ரயிலில் சென்னைக்குப் போகிற பையில் பிளாக்கோடு எம்.ஆர்.ஐ. படத்தையும், உள்ளூரில் முதலில் பார்த்தவரின் சீட்டையும் சேர்த்து வையுங்கள். பிளாக்கை வெயில் படாமல் வையுங்கள், மெழுகு உருகும்.